பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவருக்கு ‘நான் உலகத்திற்கு ஒளி’ என்ற வசனத்தை எப்படிச் சொல்வது?

கேள்வி: லிங்கராஜபுரம்காரன்

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் லிங்கராஜபுரத்துல எங்க தெருவில் வியாழக்கிழமை சாயங்காலம் வீடு மாத்தி வீடு வேதபாடம் நடக்குது. பெரிய கூட்டம் எல்லாம் இல்லை. பாதிப் பேர் சிஎஸ்ஐ, மீதிப் பேர் பெந்தெகொஸ்தே, ஒரே ஒரு கத்தோலிக்கக் குடும்பம். பூர்வீகம் கேட்டா வட ஆற்காடு, கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்), தர்மபுரின்னு வரும். நான் ஆயர் இல்லை, வேதாகமக் கல்லூரி வாசலையும் மிதிச்சதில்லை. பீன்யாவுல ஒரு பட்டறையில் கணக்கு எழுதுறேன். முன்னாடி நடத்திக்கிட்டிருந்த அங்கிள் ஊருக்குப் போனதும் இந்த வேலை என் தலையில் விழுந்துடுச்சு.

இப்போ யோவான் சுவிசேஷம் போய்க்கிட்டிருக்கு. போன வாரம் எட்டாம் அதிகாரம், “நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்.” ஆதியாகமத்துல “வெளிச்சம் உண்டாகக்கடவது”ல ஆரம்பிச்சு, சூரியனும் விளக்கும் தேவைப்படாத வெளிப்படுத்தல் 22 வரைக்கும் ஒரு நீளப் பட்டியல் போட்டுக்கிட்டுப் போனேன். “ராத்திரி கரண்ட் போனா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க”ன்னு ஆரம்பிச்சதுமே ஒரு அக்கா கையைத் தூக்கினாங்க.

அந்த அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு பேங்க்ல டெலிபோன் ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. பிரெயில் வேதாகமம் முழுசா தூக்கிட்டு வர முடியாது, அத்தனை தடி. அன்னைக்கு வேண்டிய பாகத்தை மட்டும் துணிப்பையில் போட்டுக்கிட்டு வருவாங்க. அவங்க கேட்டது இதுதான்: “தம்பி, எனக்கு இருட்டுன்னா என்னன்னு தெரியாது. வெளிச்சமும் தெரியாது. ரெண்டும் அமெரிக்கா மாதிரி, இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன். இந்த வசனத்துல எனக்கு என்ன இருக்கு?”

கோபமா கேக்கலை. உண்மையிலேயே தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டாங்க. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தாங்க. நல்லவேளையோ கெட்டவேளையோ, யாரோ ஒருத்தர் பாட்டு எடுத்துட்டார். பாட்டு முடிஞ்சதும் டீ வந்துடுச்சு.

அடுத்த வாரம் ஒன்பதாம் அதிகாரம், பிறவிக் குருடன் கதை. அவங்க எதிர்ல உக்காந்திருப்பாங்க. “இதுக்கு ஆவிக்குரிய அர்த்தம்”னு சொல்லித் தப்பிக்கிற பதில் எனக்கு வேண்டாம். அதை அவங்க வாழ்நாள் முழுக்கக் கேட்டாச்சு. நான் கேக்குறது வேற. வேதத்துல ஒளின்னு எழுதினவங்க கையில உண்மையிலேயே என்ன இருந்தது? கண்ணை எடுத்துட்டா அந்தப் படத்துல மிச்சம் ஏதாவது நிக்குமா? இருள்னா பாவம்னு வர்ற வசனங்களை அவங்க முன்னாடி எப்படி வாசிக்கிறது?

பதில்: ஜெபவீரன்

பிரதர், ரொம்ப ஆராயாதீங்க. எபேசியர் 1:18ல “மனக்கண்கள்”னு தெளிவா இருக்கு. அதைச் சொல்லுங்க. அந்த சகோதரியின் பார்வைக்காக ஊக்கமா ஜெபம் பண்ணுங்க. ஆமென்.

லிங்கராஜபுரம்காரன்

நன்றி பிரதர். அது வேண்டாம்னுதான் கேள்வியிலேயே எழுதியிருக்கேன்.

பதில்: மில்லர்ஸ்ரோடு

மில்லர்ஸ் ரோடு யுடிசி இறையியல் கல்லூரியில் பி.டி. (இறையியல் பட்டம்) படித்தவன். கையில் என்ன இருந்தது என்று கேட்டீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

யோவான் 8:12 எங்கே, எப்போது சொல்லப்பட்டது என்று பாருங்கள். 7:2ல் கூடாரப்பண்டிகை. 7:37ல் அதன் கடைசி நாள். நடுவில் வரும் விபசார ஸ்திரீயின் சம்பவம் (7:53 முதல் 8:11 வரை) மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அதை எடுத்துவிட்டு வாசித்தால் பண்டிகைப் பேச்சு நேராக 8:12க்கு வந்து நிற்கும். இடமும் 8:20ல் இருக்கிறது: தேவாலயத்தில், காணிக்கை போடும் இடம். அது பெண்களின் பிராகாரம் என்பது பொதுவான கருத்து.

அந்தப் பிராகாரத்தில் கூடாரப்பண்டிகை இரவுகளில் நடந்ததை யூதர்களின் மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு விவரிக்கிறது. அது தொகுக்கப்பட்டது ஏறக்குறைய கி.பி. 200ல், ஆலயம் இடிந்தது 70ல். ஆகவே பழைய நினைவுகளின் பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொன் விளக்குத்தண்டுகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் நான்கு பொற்கிண்ணங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு ஏணிகள். ஆசாரியக் குடும்பத்து இளைஞர்கள் எண்ணெய்க் குடத்தோடு ஏறி ஊற்றுவார்கள். திரி எது தெரியுமா? ஆசாரியர்கள் உடுத்திக் கிழிந்த கால்சட்டையும் இடைக்கச்சையும். (இந்த விவரத்தை வகுப்பில் கேட்டபோது நாங்கள் சிரித்தது ஞாபகம் வருகிறது.) எருசலேமில் அந்த வெளிச்சம் விழாத முற்றமே இல்லை என்கிறது மிஷ்னா. கீழே லேவியர்கள் வாத்தியங்களோடு படிகளில் நின்று பாடுவார்கள், பெரியவர்கள் தீப்பந்தம் பிடித்து ஆடுவார்கள்.

இவ்வளவும் எதன் நினைவாக? எகிப்தைவிட்டு வந்த இஸ்ரவேலரின் வனாந்தரப் பயணத்தின் நினைவாக. அந்தப் பயணத்தில் முன்னே போனது அக்கினி ஸ்தம்பம் (யாத்திராகமம் 13:21). அதை யாரும் உட்கார்ந்து ரசிக்கவில்லை. அது நகர்ந்தால் நகர்ந்தார்கள், நின்றால் நின்றார்கள். அதனால்தான் 8:12ன் இரண்டாம் பாதி “என்னைப் பின்பற்றுகிறவன் இருளிலே நடவாமல்” என்று போகிறது. சங்கீதம் 119:105லும் தீபம் கால்களுக்கு, வெளிச்சம் பாதைக்கு. அக்காலத்து வீட்டு விளக்கு உள்ளங்கையில் அடங்கும் மண்விளக்கு. ஒலிவ எண்ணெய், சணல் நூல் திரி. அதை வைத்துக்கொண்டு ஊரைப் பார்க்க முடியாது, அடுத்த அடி வைக்கலாம்.

ஆக, உங்கள் அக்காவுக்கு அந்த வசனம் காட்சியைப் பற்றிப் பேசவில்லை, யார் பின்னால் நடப்பது என்பதைப் பற்றிப் பேசுகிறது. யார் பின்னால் நடப்பது, எந்தக் குரலை நம்புவது என்பதில் நம்மைவிட அவருக்குப் பழக்கம் அதிகம். பத்தாம் அதிகாரத்தில் ஆடுகள் மேய்ப்பனை அடையாளம் காண்பதும் சத்தத்தை வைத்துத்தான்.

ஒரு எச்சரிக்கை. வேதத்தில் ஒளி என்றாலே நல்லது, இருள் என்றாலே கெட்டது என்று பிரித்துக்கொண்டு போகாதீர்கள். சீனாய் மலையில் தேவன் இருந்தது கார்மேகத்துக்குள் (யாத்திராகமம் 20:21). ஆலயப் பிரதிஷ்டையில் சாலொமோன், கர்த்தர் “காரிருளிலே வாசம்பண்ணுவேன்” என்று சொன்னதாகவே பேசுகிறான் (1 இராஜாக்கள் 8:12). ஒளியின் தூதனுடைய வேஷம் போடுகிறவன் சாத்தான் என்று 2 கொரிந்தியர் 11:14 சொல்கிறது. பிரசங்க மேடைகளில் இந்த மூன்றும் சேர்ந்து வந்து நான் கேட்டதே இல்லை.

பதில்: சாம்பியன்ரீஃப் தாத்தா

ஸ்தோத்திரம். நான் சொல்றேன், பேத்தி டைப் பண்றா. கேஜிஎஃப் சாம்பியன் ரீஃப், சுரங்க வேலை. 2001ல மூடினாங்க, அதுக்கப்புறம் மகனோட கே.ஆர்.புரத்துல இருக்கேன்.

வெளிச்சத்தைப் பத்தி பெங்களூர்க்காரங்க எங்ககிட்டதான் கேக்கணும். சிவசமுத்திரத்துல கரண்ட் எடுத்து முதல்ல கொண்டாந்தது எங்க சுரங்கத்துக்கு, 1902ல. உங்க ஊர்த் தெருவுக்கு விளக்கு எரிஞ்சது 1905லதான். (தாத்தா இதை வீட்டுக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்வார் – பேத்தி.)

நீங்க கரண்ட் போன ராத்திரின்னு சொன்னீங்களே, அது இருட்டே இல்ல. தெருவுல யார் வீட்டு யுபிஎஸ்ஸாவது எரியும், வானம் இருக்கும். கூண்டுல ஏறி ஷாஃப்ட்ல, அதான் சுரங்கத்துக்குள்ள நேரா எறங்குற குழியில, எறங்கிப் பாருங்க. மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம் எங்க சுரங்கம். பாறையே சூடா இருக்கும். தொப்பியில லைட்டு, இடுப்புல பேட்டரி. அந்த லைட் போச்சுன்னா கண்ணைத் தொறந்தாலும் ஒண்ணுதான், மூடினாலும் ஒண்ணுதான். எனக்கு ஒருதடவை போயிருக்கு. பயந்தது இருட்டுக்கு இல்ல, கூட வந்தவன் குரல் கேக்கலையேன்னுதான். அவன் “அங்கேயே நில்லு”ன்னு சத்தம் குடுத்ததும் உசுரு வந்துச்சு. அவன் தோள்ல கையைப் போட்டு, காலால டிராலி தண்டவாளத்தைத் தடவிக்கிட்டே வந்துட்டேன். அந்த அக்கா தெனமும் அப்படித்தான் நடக்குறாங்க. அவங்ககிட்ட நீங்க இருட்டைப் பத்தி வகுப்பு எடுக்குறீங்க.

இன்னொண்ணு. சுரங்கத்துல ஒரு மரியாதை உண்டு. எதிர்ல வர்றவன் மூஞ்சில லைட் அடிக்கக் கூடாது. அவனுக்குக் கண் கூசி கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியாது, அந்த நேரத்துல கால் தவறினா போச்சு. பேசணும்னா தலையைச் சாய்ச்சு லைட்டைக் கீழ அவன் கால் பக்கமா வைக்கணும். புதுசா வந்த பசங்களுக்கு மேஸ்திரி முதல்ல சொல்லித் தர்றது இதுதான். “உங்கள் வெளிச்சம் அவர்கள்முன் பிரகாசிக்கக்கடவது”ன்னு பிரசங்கம் பண்றவங்க நெறைய பேரு லைட்டை மூஞ்சிலதான் அடிக்கிறாங்க. மூஞ்சில அடிக்க ஆண்டவருக்கு மட்டும் உரிமை உண்டு. தமஸ்கு ரோட்டுல சவுலுக்கு அடிச்சார். மூணு நாள் பார்வை இல்ல, சாப்பாடு இல்ல. அப்பவும் கையைப் பிடிச்சு ஊருக்குள்ள கூட்டிட்டுப் போனது கூட இருந்த மனுஷங்கதான்.

யோபு 28 வாசிங்க தம்பி. அது எங்க அதிகாரம். வெள்ளி வெட்டுறது, பொன்னைப் புடம் போடுறது, பாறையைக் குடையுறது, மறைஞ்சு கிடக்கிறதை வெளிச்சத்துக்குக் கொண்டாறது, எல்லாம் இருக்கு. மைனர்ஸ் லைன்ல (சுரங்கத் தொழிலாளிங்க குடியிருப்பு) வீட்டு ஜெபத்துக்கு எங்க அப்பா அதை அடிக்கடி எடுப்பார். அவ்வளவு ஆழம் தோண்டியும் “ஞானம் கண்டெடுக்கப்படுவது எங்கே?”ன்னு கேக்குது. லைட்டு இருந்தா எல்லாம் கிடைச்சுடும்னு அந்த அதிகாரம் சொல்லல.

பதில்: பிரேசர்டவுன் டீச்சர்

நான் கத்தோலிக்கம். ஒரு சின்ன விஷயம் மட்டும். பாஸ்கா திருவிழிப்புக்கு (ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி வழிபாடு) அந்த அக்காவை ஒருமுறை கூட்டிட்டுப் போங்க. கோயில்ல விளக்கெல்லாம் அணைச்சுட்டு, வெளியில புது நெருப்பு மூட்டி, அதுல பாஸ்கா திரியை ஏத்தி, “கிறிஸ்துவின் ஒளி இதோ”ன்னு பாடிக்கிட்டே உள்ளே வருவாங்க. அந்த நெருப்பு கைக்குக் கை மாறி எல்லார் மெழுகுதிரிக்கும் போகும். கண் தெரியாதவங்களுக்கும் பக்கத்து ஆளோட திரியில இருந்து சூடு வர்றது தெரியும், மெழுகு விரல்ல சொட்டுறது தெரியும், வாசம் தெரியும். அதுக்கப்புறம் பாடுற பாஸ்கா புகழுரையில, அந்த மெழுகை உண்டாக்கின தேனீக்களுக்குக்கூட ஒரு வரி உண்டு. முக்கியமா அந்தப் பாட்டு இரவைத் திட்டுறதே இல்லை, பாக்கியம் பெற்ற இரவுன்னு புகழுது.

உங்க பெந்தெகொஸ்தே ஆட்கள் மெழுகுதிரின்னா முகம் சுளிப்பாங்கன்னு தெரியும். அதை நீங்க சமாளிச்சுக்கோங்க.

பதில்: விரல்நுனி

இந்தப் பதிவுகளை டாக்பேக் (போன் திரையில இருக்கிறதை வாசிச்சுக் காட்டுற செயலி) வாசிக்க நான் கேட்டேன். எழுத்துப்பிழை இருந்தா அதைத் திட்டுங்க. ஜீவன் பீமா நகர். எனக்கு ஏழு வயசு வரைக்கும் பார்வை இருந்தது, அதனால அந்த அக்காவுக்காக நான் பேச முடியாது. எனக்கு வெளிச்சம்னா ஞாபகம், அவங்களுக்கு அதுவும் கிடையாது. பார்வை உள்ள நீங்க, பார்வை இல்லாத நாங்க எல்லாரும் ஒரே கறுப்பு அறைக்குள்ள உக்காந்திருக்கிறதா நினைச்சுக்கிறீங்க. அவங்களுக்கு அந்தக் கறுப்பே இல்லை.

தாத்தாவுக்கு நன்றி. தோள்ல கை போட்ட விஷயத்தை ரெண்டு தடவை கேட்டேன்.

மில்லர்ஸ்ரோடு ஐயா சொன்ன பண்டிகை விவரம் எனக்குப் புதுசு. ஆனா “நடக்கிறதுக்குத்தான் வெளிச்சம்”னு சொல்லி முடிச்சா கொஞ்சம் சுலபமா முடிஞ்ச மாதிரி இருக்கு. வேதத்துல எங்களுக்கு உறுத்துற இடங்கள் இருக்கு, அதை மறைக்காதீங்க. லேவியராகமம் 21:18ல குருடன் ஆசாரிய வேலைக்குக் கிட்ட வரக் கூடாது. ஏசாயா 59:10ல “குருடரைப்போல் சுவரைப் பிடித்து” தடவுறோம்னு ஜனங்கள் அழுறாங்க. சுவரைத் தடவிப் போறது எனக்கு அழுகை இல்லை, தினமும் ஆபீசுக்குப் போற வழி. குருடனுக்குக் குருடன் வழிகாட்டினா ரெண்டு பேரும் குழியில விழுவாங்கன்னு மத்தேயு 15ல வருது. நான் படிச்ச பார்வையற்றோர் பள்ளியில பெரிய பசங்கதான் சின்னப் பசங்களை மெஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. யாரும் எந்தக் குழியிலயும் விழலை. இட்லிக்கு முதல் ஆளா போய் நிப்போம். இதை அந்த அக்கா முன்னாடி நீங்களே எடுத்துச் சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னாலும் அவங்க விரல் அந்த வரியைத் தொட்டிருக்கும்.

இப்போ ஒன்பதாம் அதிகாரம். எனக்குப் பிடிச்ச அதிகாரம், சுகம் கிடைச்சதுக்காக இல்லை.

சீஷர்கள் அந்த மனுஷனைப் பார்த்ததும் கேக்குறது, “இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ?” அவன் அங்கேயே இருக்கான், காது நல்லாக் கேக்குது. அவனைப் பத்தி அவன் தலைக்கு மேல பேச்சு. இது பெங்களூர்ல எந்தச் சபையிலயும் எனக்கு நடக்கும். ஆராதனை முடிஞ்சு வெளியே வந்தா, முன்பின் தெரியாத கை ஒண்ணு தலைமேல வந்து உக்காரும். பேரு கேக்க மாட்டாங்க, வேணுமான்னு கேக்க மாட்டாங்க, பார்வைக்கு ஜெபம் ஆரம்பிச்சுடும். எனக்கு அன்னைக்கு உண்மையில வேண்டியது டிரான்ஸ்பருக்கு ஜெபம்.

இயேசு “இவனும் இல்லை, இவனைப் பெத்தவங்களும் இல்லை”ன்னு சொல்லிட்டு, மறுபடி நான் உலகத்துக்கு ஒளின்னு சொல்றார். அடுத்த நிமிஷம் என்ன செய்றார்? தரையில துப்பி, சேறு பண்ணி, கண்ணுல பூசுறார். ஒளின்னு சொன்னவர் முதல்ல காட்டினது விரலும் சேறும். அந்த ஆளுக்கு இயேசுன்னா ஒரு குரல், ஈர மண்ணு, அப்புறம் “சீலோவாம் குளத்துக்குப் போ.” அந்தக் குளம் மேட்டுல இருக்கிற ஆலயத்துல இருந்து நல்லா இறக்கத்துல இருக்கு. 2004ல ஒரு சாக்கடைக் குழாய் வேலைக்குத் தோண்டினப்போ அதோட கல்படிகள் வெளியே வந்துச்சு. அவன் பார்வை இல்லாமலேதான் அங்கே போயிருக்கான், கண்ணுல சேத்தோட. யாரும் கூட்டிட்டுப் போனதா எழுதலை. ஆக, “பின்பற்றுகிறவன் நடப்பான்”ங்கிற உங்க எட்டாம் அதிகாரம் நடந்து முடிஞ்சது பார்வை வர்றதுக்கு முன்னாடியே.

அப்புறம் அக்கம்பக்கத்தார், பரிசேயர், அப்பா அம்மா எல்லாரும் விசாரிக்கிறாங்க. பெத்தவங்க பயந்து ஒதுங்கிடுறாங்க. அவன் மட்டும் தனியா நின்னு வாதாடுறான். யாருக்காக? இயேசுவோட முகத்தை அவன் அதுவரைக்கும் பார்க்கவே இல்லை! அவன் அறிஞ்சது குரலை மட்டும். 35ம் வசனத்துல, அவனை வெளியே தள்ளினதுக்கு அப்புறம்தான் இயேசு தேடி வர்றார். “உன்னுடனே பேசுகிறவர் அவர்தான்”னு தன்னை அறிமுகப்படுத்துறார், அதுவும் பேச்சை வைச்சு. கடைசி வசனத்துல “நாங்கள் காண்கிறோம்”னு சொல்றவங்க மேலதான் குற்றம் நிக்குது.

இருள்னா பாவம்னு வர்ற வசனங்களுக்கு ஒரு வழி சொல்றேன். 1 யோவான் 2:9-11 வாசிங்க. ஒளியில இருக்கேன்னு சொல்லிக்கிட்டு சகோதரனைப் பகைக்கிறவன் இருள்ல இருக்கான், சகோதரனிடத்தில் அன்புகூருகிறவன் ஒளியில நிலைகொண்டிருக்கான்னு யோவானே சொல்லிட்டார். அதுக்குக் கண் பரிசோதனை தேவையில்லை. கூடவே சங்கீதம் 139:12, அவருக்கு இருளும் வெளிச்சமும் சரி. சூரியனைப் பத்தி அக்கா கேட்டா சங்கீதம் 19:6. “அதின் காந்திக்கு மறைவானது ஒன்றுமில்லை”னு தாவீது சூட்டைச் சொல்றார். காலையில எந்தப் பக்கக் கன்னம் சுடுதுன்னு வச்சுத்தான் நான் பஸ் ஸ்டாப்ல கிழக்கு எதுன்னு சொல்வேன்.

லிங்கராஜபுரம்காரன்

எல்லாருக்கும் நன்றி. பாதியை அச்செடுத்து வைச்சிருக்கேன். டீச்சர், மெழுகுதிரி விஷயத்தை எங்க வீட்டுக்காரங்ககிட்ட மட்டும் சொல்லியிருக்கேன், குழுவுல இன்னும் வாயைத் திறக்கலை.

நேத்து அந்த அக்காவுக்குப் போன் பண்ணினேன். ஒன்பதாம் அதிகாரம் 41 வசனத்தையும் நீங்களே உங்க பிரெயில் புத்தகத்துல இருந்து வாசிக்கிறீங்களான்னு கேட்டேன். சரின்னாங்க, ரெண்டு நிபந்தனையோட. வாசிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் பாட்டு எடுக்கக் கூடாது. முடிஞ்சதும் யாரும் அவங்க தலைமேல கை வைக்கக் கூடாது. முதல் நிபந்தனைக்கு நான் பொறுப்பு. ரெண்டாவதுக்கு எங்க குழுவுல ஒரு ஆண்ட்டி இருக்காங்க, அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன். விரல்நுனி சார், உங்க அனுபவத்துல இதை மனசு நோகாம சொல்ல வழி இருக்கா?

விரல்நுனி

கையைப் பிடிச்சு இறக்கி, அதுல ஒரு டீ டம்ளரைக் குடுத்துடுங்க. எனக்கு வேலை செஞ்சிருக்கு.

சாம்பியன்ரீஃப் தாத்தா

தாத்தா கேக்கச் சொல்றார்: இந்த வியாழன் எந்த வீட்டுல, எத்தனை மணிக்கு? யோபு 28 வாசிக்க அவருக்குப் பத்து நிமிஷம் கிடைக்குமா? அவர் பத்துன்னு சொன்னா அரை மணி நேரம் வச்சுக்கோங்க. – பேத்தி